அலெக்ஸின் முதல் சம்பளம்

“சீக்கிரம் இறக்குங்க, யாராச்சும் பாத்துடப் போறாங்க!”

ஜஹானாராவின் கையில் ரத்தம். கோணியின் ஒரு முனையை அவளும் மறுமுனையை அவள் கணவன் ஜாபர் அலியும் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டு மாடிப்படியில் மெதுவாக இறங்கினார்கள். மதியம் இரண்டு மணி. கோவில்பதாகையின் அந்தத் தெரு சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது.

“செத்து எத்தன நாளாச்சுடி? இந்த நாத்தம் நாறுது.”

“தெரியலங்க. நேத்துதான் தொட்டுப் பாத்தேன்.”

லோடு ஆட்டோவில் ஏற்றும்போது கோணியின் ஓட்டை வழியாக ஒரு நீண்ட முள் எட்டிப் பார்த்தது. உள்ளே இருந்தது சகாயமேரியின் காகிதப்பூச் செடி.

மகன் அலெக்ஸ் தன் முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தது. அவன் துபாய் போய் நான்கு வருடம் ஆகிறது. வீடியோ காலில் வந்தால் அம்மா முகத்தைப் பார்க்கும் முன் செடியைத்தான் காட்டச் சொல்வான்.

மகளின் பிரசவத்துக்காகத் திருச்சி கிளம்பிய சகாயமேரி, வீட்டுச் சாவியை ஜஹானாராவிடம் கொடுத்துச் சொல்லியிருந்தாள். “காலையில ஒரு பக்கெட், சாயந்தரம் ஒரு பக்கெட். மறந்துடாதடி ஜானு.”

ஜஹானாரா ஒரு வேளைகூட மறக்கவில்லை. பாசத்தில் கறி கழுவிய தண்ணீரையும் சேர்த்தே ஊற்றினாள். ஒரே மாதத்தில் இலையெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்து, வேர் கூழாகிவிட்டது. நாளைக் காலை சகாயமேரி வருகிறாள், அலெக்ஸும் கூட வருகிறான்.

“அக்கா இனிமே என் மூஞ்சில முழிக்கவே மாட்டாங்க.”

“மொதல்ல நர்சரிக்குப் போவோம். அழுவுறத அங்க போய் வச்சிக்க,” என்று ஜாபர் அலி வண்டியைக் கிளப்பினான்.

பூந்தமல்லி சாலையோரத்தில் நர்சரி வைத்திருந்த வேம்புலியிடம், ஜஹானாரா போனில் இருந்த செடியின் பழைய படத்தை நீட்டினாள். அவர் ஒரு பார்வைதான் பார்த்தார். எதுவும் கேட்காமல் பின்பக்கம் போய் ஒரு செடியைத் தூக்கி வந்தார். அதே ரோஸ் நிறம், அதே உயரம், இடப்பக்கம் அதே வளைவு.

“இன்னாம்மா, இதானே?”

“அல்லா! எப்டிண்ணா கரெக்டா எடுத்தீங்க?”

“தொழில்மா. நல்ல வெயில்ல வை. வாரத்துக்கு ரெண்டு தபா தண்ணி, போதும். மண்ணு காஞ்சாதான் இது பூக்கும். எத்தினி தபா சொன்னாலும் கேக்காம பக்கெட்டு பக்கெட்டா ஊத்திகினு கீறீங்க!”

“இவ இப்பதானே மொத தடவ வர்றா?” என்றான் ஜாபர் அலி.

“பொதுவா சொல்றேன் நைனா,” என்று வேம்புலி அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

மாலைக்குள் புதுச் செடி, மொட்டை மாடியில் இருந்த பழைய நீல டிரம்மில் குடியேறியது. ஜாபர் அலி பழைய சருகு கொஞ்சம் அள்ளி மேலே தூவினான். “பத்து வருசமா இங்கதான் இருக்கேன்னு சத்தியம் பண்ணும் பாரு.”

மறுநாள் காலை அலெக்ஸ் பையைக்கூட இறக்காமல் மாடிக்கு ஓடினான். பின்னாலேயே அம்மாவும் ஜஹானாராவும் ஏறினார்கள்.

“அம்மா! என் செடி எப்டி பூத்திருக்கு பாரு! ஜஹானாராக்கா, உங்க கை ராசியே ராசி!”

கிளையை அணைத்தபடி செல்ஃபி எடுத்தான். முள் குத்தியது. “நாலு வருசம் கழிச்சும் என்ன மறக்கல பாருங்க!” என்று விரலைச் சப்பிக்கொண்டு சிரித்தான்.

ஜஹானாராவுக்குத் தாங்கவில்லை. சகாயமேரியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

“அக்கா, என்ன மன்னிச்சிடுங்க. அது அலெக்ஸ் வாங்கின செடி இல்ல. அத நான் கொன்னுட்டேன். இது நேத்து வாங்கினது.” சொல்லி முடிப்பதற்குள் கண்ணீர் வந்துவிட்டது.

சகாயமேரி தொட்டிக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டி மகனைப் பார்த்தாள். அவன் பூக்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் ஜஹானாராவின் வாயைப் பொத்தி, காதருகே குனிந்தாள்.

“சத்தம் போடாதடி! அதே டிரம்முல நானே மூணு சாவடிச்சிருக்கேன்.”