முதல் துண்டு

கடற்பாசியின் விஷம் மீனுக்குள் ஏறிய பிறகு, வீட்டுக்கொரு சோதனைத் தட்டு கொடுத்தார்கள். மீன் நல்லதென்றால் தட்டு பச்சையாக ஒளிரும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முதல் துண்டை நான் தின்பேன். வெயில் தாழும்வரை எனக்கு ஒன்றும் ஆகாவிட்டால்தான் பெண்டாட்டி பிலோமி சாப்பிடலாம்.

"பூனை வளக்கவே வேண்டாம், நீரு போதும்" என்று சிரிப்பாள்.

இன்றும் பச்சைதான். தின்றுவிட்டுச் சாய்ந்திருந்தேன். கடல் ஊதாவாக மினுங்கியது. உதடு மெல்ல மரத்து உறங்கியது. படகில்லாமலே மிதந்தேன்.

"பசிக்குய்யா, சாப்பிடட்டா?"

"பொறுட்டி. தண்ணி கொண்டா."

பானைத் தண்ணீர் வாயைச் சுட்டது. ஊதி ஊதிக் குடித்தேன். குளிர்ச்சி சுட்டால் விஷமென்று கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும்.

பிலோமி சிரிக்கவில்லை. குழி தோண்டிக் குழம்பைக் கொட்டினாள், தட்டையும் போட்டாள். மண் மூடும்வரை அது பச்சையாகவே ஒளிர்ந்தது.