பச்சை மட்டும்

கண்ணாடித் தகட்டில் அவன் ஊற்றிய பாலிமர் கரைசல் காய்ந்து, மூலக்கூறுகள் தாமாகவே அடுக்கடுக்காய் அமர்ந்து, பளபளப்பான படலமாகியிருந்தது. அது பச்சை ஒளியை மட்டும் கண்ணாடிபோல் திருப்பி அனுப்பும்; வேறு நிறம் எதுவும் அதில் தெரியாது.

“சாயமே போடாம பச்சை வந்துடுச்சே! ட்ரீட் எப்பப்பா?” என்று முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான் உடன் வேலை செய்பவன்.

மனைவி போன பிறகு, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் மகளையும் ஆய்வகத்துக்கே கூட்டி வருகிறான். அவனுக்கென்று மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான். பின்னால் விளையாடிக்கொண்டிருந்த அவளுடைய சிவப்புச் சட்டை படலத்தில் தெரியவில்லை. தெரியவும் கூடாது. ஆனால் அங்கே ஒரு பச்சை ஸ்வெட்டர் தெரிந்தது. சவப்பெட்டியை மூடுமுன் மனைவிக்கு அவனே போட்டுவிட்டது. அதன் கை கீழே நீண்டிருந்தது.

திரும்பினான். கதவருகே மகள் மட்டும் நின்றிருந்தாள். ஒரு கையை மேலே உயர்த்தி, யாருடைய விரலையோ பிடித்திருப்பதுபோல் மடக்கியிருந்தாள்.

“நாங்க போயிட்டு வரோம்ப்பா.”