மூணாம் நம்பர் பலகை

பத்துக் குண்டு சுட்டாயிற்று. மூணாம் நம்பர் பலகையில் ஒரு ஓட்டை கூட இல்லை.

ஆடிட் அம்மா மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நேற்று அடித்த பெயிண்டோடு பலகை பளிச்சென்று இருந்தது.

"இதுக்கா இவ்வளவு விலை?" என்றார்.

கம்பெனிக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. நகைப்பெட்டி மாதிரி வெல்வெட் வைத்த பெட்டியில் அந்தப் புதுத் துப்பாக்கியைக் கொண்டு வந்து, கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக் கொடுத்தவர் அவர்தான்.

"மேடம், துப்பாக்கி மேல தப்பே இல்லை. சுட்ட ஆளைக் கேளுங்க!"

சுட்டவன் பேர் ஊசி. ஊசிக் காதில் நூல் கோக்கிற மாதிரி சுடுவான் என்று படையில் வைத்த பேர். இருபது வருஷத்தில் அவன் குறி தப்பியதே இல்லை. இன்றைக்குப் பார்த்து, பத்தும் போச்சு.

"யோவ் ஊசி!" தொலைநோக்கியை இறக்கிவிட்டுக் கமாண்டர் கத்தினார். "கண்ணு அவிஞ்சு போச்சா? இல்ல, காலையிலேயே ஏத்திக்கிட்டு வந்துட்டியா?"

"ஐயய்யோ, இல்லீங்கய்யா. காத்துங்கய்யா."

மைதானத்தில் ஒரு இலை கூட அசையவில்லை.

ஆடிட் அம்மாவுக்கு அப்போதே ஒரு சந்தேகம். சுடுவதற்கு முன்னாலேயே இந்த ஆள், "நாலாம் பலகையைச் சுடறேங்கய்யா" என்று கெஞ்சினான். கம்பெனிக்காரர், "எனக்கு மூணுதான் ராசி" என்று ஒற்றைக்காலில் நின்றுவிட்டார்.

ஆடிட் அம்மாவின் மடியில் ஃபைல். ஃபைலில் இரண்டே கட்டம். 'வாங்கலாம்', 'வேண்டாம்'. ஒரு டிக் போட்டால் பத்தாயிரம் துப்பாக்கி வந்து இறங்கும். ஒரு துப்பாக்கி விலையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கே கூரை போடலாம். பென்சிலைக்கூட விரலுக்குப் பிடி கிடைக்கிற வரை விடாமல் எழுதுகிறவர் அவர். ஊரார் வரிப்பணமாயிற்றே! கிளம்பும்போதே, 'கடவுளே, யாரும் என்னை ஏமாத்தாம பார்த்துக்கோப்பா' என்று வேண்டிக்கொண்டுதான் வந்தார்.

"சரி, பழைய துப்பாக்கியில சுடச் சொல்லுங்க. அது பட்டுதுன்னா இந்தச் செலவே வேண்டாம்."

பழைய துப்பாக்கி வந்தது. அடிக்கட்டையில் விரிசல் விட்டு, கம்பி போட்டுக் கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் ஊசி இரண்டடி பின்னால் போனான்.

"பழசு மட்டும் வேண்டாங்கய்யா. வயித்த வலிக்குது."

"இப்ப வரைக்கும் நல்லாத்தானேய்யா இருந்தே?"

"பழசைப் பார்த்ததும் வந்துடுச்சுங்கய்யா."

கமாண்டருக்கு மீசை துடித்தது. "சட்டைக் கையில மூணு பட்டை இருக்கு பாரு, சாயங்காலத்துக்குள்ள பிச்சிடறேன்! அடுத்த மாசம் பென்ஷன் வாங்கலாம்னு கனவு காணாதே!"

ஊசியின் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் கையை நீட்டவில்லை.

கம்பெனிக்காரர் ஆடிட் அம்மாவின் காதருகே குனிந்தார். "எதிர்க் கம்பெனி இவனுக்கு ஏதோ கொடுத்திருக்கு மேடம்."

இருக்கும் என்றே அவருக்கும் பட்டது. எழுந்தார்.

"நான் போய்ப் பலகையைப் பார்க்கறேன். நீங்க ரெண்டு பேரும் இங்கேயே இருங்க. கணக்குன்னா நான் தனியாத்தான் பார்ப்பேன்."

"அம்மா, வெயிலும்மா! போகாதீங்கம்மா!" குடையைத் தூக்கிக்கொண்டு ஊசி பின்னாலேயே ஓடி வந்தான். வயிற்று வலி போன இடம் தெரியவில்லை.

ஆடிட் அம்மா பலகையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்.

குறுக்குக் கட்டையில் ஒரு குருவிக்கூடு. அவரைப் பார்த்ததும் நாலு மஞ்சள் வாய் திறந்தது. தாய்க் குருவி வேலிக் கம்பியில் உட்கார்ந்து இருவரையும் திட்டித் தீர்த்தது.

ஊசி தலையைச் சொறிந்தான். "பெயிண்ட் அடிக்கறப்போ, பிச்சு எறின்னாரும்மா ஐயா. எறிஞ்சுட்டேன்னு பொய் சொல்லிட்டேன். இன்னும் பத்து நாள்ல பறந்துடும்மா."

"அப்போ பத்துக் குண்டும் எங்கேப்பா போச்சு?"

பக்கத்துப் பலகையின் தலையில் இருந்த நம்பர் தகட்டைக் காட்டினான். அதில் பெரிதாக 4. அந்த நாலின் முக்கோணத்துக்குள்ளே ஒரே ஒரு ஓட்டை, சட்டைப் பொத்தான் அகலத்துக்கு. பத்துக் குண்டும் அதற்குள்ளேயே போயிருந்தது.

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"சரி தம்பி, பழைய துப்பாக்கியாலயும் இதே மாதிரி நாலைச் சுட்டிருக்கலாமே? பட்டையே போகுதுங்கறாங்க, அப்பவும் தொட மாட்டேன்னுட்டியே?"

ஊசி கூட்டைப் பார்த்தான்.

"புதுசு, நான் நினைச்ச இடத்துல படும்மா. பழசு அது நினைச்ச இடத்துல படும். அதை நம்பி இதுங்க பக்கத்துல எப்படிம்மா சுடறது?"

ஆடிட் அம்மா ஃபைலைத் திறந்தார். பிறகு குட்டைப் பென்சிலை எடுத்து ஒரு டிக் போட்டார்.

திரும்பி வந்ததும் கம்பெனிக்காரர் எட்டிப் பார்த்தார். 'வாங்கலாம்' என்ற கட்டத்தில் டிக்! அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மேடம்..." கமாண்டர் மறுபடி தொலைநோக்கியை எடுத்துப் பலகையைப் பார்த்தார். "ஒரு குண்டு கூடப் படலையே?"

"என் கணக்குல இவர் பத்துக்குப் பத்து. பட்டை மேல கை வைக்காதீங்க" என்றவர், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார். "ஆனா அந்த மூணாம் பலகைக்குப் பெயிண்ட் செலவு ஜாஸ்தியாத் தெரியுது. தணிக்கை முடிய பத்து நாள் ஆகும். அது வரைக்கும் ஒருத்தரும் அது பக்கம் போகக்கூடாது!"