குத்துங்க அத்தான்

"குத்துங்க அத்தான்" என்றான் மைத்துனன்.

நான் குத்தவில்லை. அதனால் அவன் குத்தினான்.

மூக்குத்தண்டு உடைந்தது. அரசு அச்சகக் கிடங்கின் மேசையில் விரித்திருந்த அரசிதழின் மேல் ரத்தம் சொட்டியது.

அடிக்கும்போதும் 'நீங்க'தான். என் மனைவி வீட்டு மரியாதைக்கு என்றைக்கும் குறைச்சல் இல்லை.

கூட்டத்தைச் சுடலாம் என்ற புது விதி இன்று காலைதான் அச்சாகி வந்தது. மை இன்னும் கையில் ஒட்டுகிறது. ஆனால் காவல் அதிகாரியான மைத்துனன் நேற்றே கடைத்தெருவில் சுடச் சொல்லிவிட்டான். முந்திரிக்கொட்டை.

இந்தக் கிடங்கில் நான் எந்தத் தேதியைக் குத்துகிறேனோ, அன்றிலிருந்துதான் எந்த விதியும் விதி. முத்திரையில் நேற்றைய தேதி விழுந்தால் அவன் கடமையைச் செய்தவன். இன்றைய தேதி விழுந்தால் கொலைகாரன்.

அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டுத் துண்டித்தான்.

"அக்காதான். காலையிலேர்ந்து விடாம அடிக்கிறா. உங்களை விட்டுடச் சொல்லி அழுவா."

பிறகு என் வலக்கையை இழுப்பறைக்குள் திணித்து, காலால் உதைத்து மூடினான். விரல்கள் முறியும் சத்தம் எனக்கே கேட்டது. வலியில் அங்கேயே சிறுநீர் போய்விட்டது.

மறுபடி உதைத்தான். இந்தத் தடவை நான் கத்தவில்லை. எனக்குப் பயம் போய், வெறுப்பு மட்டும்தான் மிச்சம் இருந்தது.

அவன் என் தலைமயிரைப் பிடித்து மேசையில் மோதினான். முத்திரை உருண்டு என் இடக்கை அருகே வந்து நின்றது.

"செத்தவங்கள்ல ஒருத்தனுக்கு முகமே இல்ல. யாரு பெத்த புள்ளையோ. அவனுக்காகவா அத்தான் இந்த அடி வாங்குறீங்க?"

அவனும் அழுதுகொண்டுதான் இருந்தான்.

போன் மறுபடி அதிர்ந்தது.

"எடுத்துப் பேசுப்பா" என்றேன். வாயில் ரத்தம் கோத்திருந்ததால் மெதுவாகத்தான் சொல்ல முடிந்தது. "எனக்காகக் கூப்பிடல. பிணவறையில நிக்கிறா. நானும் அங்கேருந்துதான் நேரா வந்தேன். முகம் இல்லாட்டியும் பெத்தவளுக்குத் தெரியாதா?"

என்னையே பார்த்தபடி போனைக் காதில் வைத்தான்.

நான் இடக்கையால் இன்றைய தேதியைக் குத்தினேன்.