எந்த ஊருங்க நீங்க?

“எந்த ஊருங்க நீங்க?”

மனநலக் கவுன்சிலர் அருள்மணி வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் ஆவுடையப்பன் கேட்டுவிட்டார்.

சுடர்விழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம் பார்த்த கவுன்சிலரிடமும் இவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

“ஆவூருங்க ஐயா. சர்ச்சுக்குப் பக்கத்துத் தெரு.”

“சரிங்க. எங்க பொன்னமராவதிப் பக்கம் சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?”

“இருக்காங்களே. எங்க சின்னம்மாவை அங்கதான் கட்டிக்குடுத்திருக்கு. உங்களையே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

பக்கத்தில் இருந்த ரஞ்சிதா தலையை இன்னும் குனிந்துகொண்டாள். ஆவுடையப்பன் மருமகளை ஒரு தரம் பார்த்தார். எழுந்துவிட்டார்.

“அப்ப நாங்க வாரோம்ங்க.”

ரஞ்சிதா ஒரு வார்த்தை பேசாமல் மாமனார் பின்னால் நடந்தாள். அவளுடைய புருஷன் அரவிந்த்குமார் லீவு முடிந்து சிங்கப்பூர் திரும்பியதிலிருந்தே இப்படித்தான். சோறு இறங்குவதில்லை. தூக்கம் இல்லை. புருஷனைப் பிரிந்த ஏக்கம் என்று சொந்தபந்தம் முடிவு கட்டிவிட்டது. டாக்டர்தான், மாத்திரை மட்டும் போதாது, மனசு விட்டுப் பேச ஓர் ஆள் வேண்டும் என்றார்.

அந்த ஆளைத் தேடத்தான் தங்கை சுடர்விழி திருச்சியிலிருந்து லீவு போட்டு வந்திருக்கிறாள். என்னென்ன கேட்க வேண்டும் என்று படித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். என்ன படித்திருக்கிறார்கள், இந்த மாதிரிப் பிரச்னைகளைப் பார்த்த அனுபவம் உண்டா, எத்தனை முறை வர வேண்டியிருக்கும், பீஸ் எவ்வளவு, சொல்வது வெளியே போகாதா. இவர் எங்கே கேட்கவிட்டார்?

வாசலுக்கு வந்ததும் வெடித்தாள்.

“மாமா, இது என்ன சம்பந்தம் பேசுற எடமா? எந்த ஊரு, என்ன சொந்தம்னு துருவுறீங்க. போன வாரம் குளத்தூர்க்காரங்க வேண்டாம்னீங்க. இவங்க சர்ச்சுக்குப் போறவங்கன்னு எந்திரிச்சிட்டீங்களா?”

“அதெல்லாம் இல்லத்தா.”

“பின்ன? நம்ம ஆளா இருந்தாத்தான் அக்கா அவங்க முன்னால அழணுமா?”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போன ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினார்.

“இன்னொருத்தங்க இருக்காங்களாம். அங்கிட்டுப் போயிப் பாப்போம்.”

“அங்கயும் இதையேதான் கேக்கப்போறீங்க.”

“ஆமா, கேக்கத்தான் செய்வேன்.”

என்ன மனுஷன் இவர். படித்தவர்களிடம் போய் இப்படிச் சாதி விசாரிக்கிறோமே என்று கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா? ஒருத்தி கண் முன்னால் துரும்பாக இளைத்துக்கொண்டிருக்கிறாள், இவருக்குக் குலம் கோத்திரம் கேட்கிறது. “நீயாவது சொல்லேன்க்கா” என்றாள் சுடர்விழி. ரஞ்சிதா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது கவுன்சிலர் ஐம்பது வயது அம்மாள். மாடியில் சின்ன அறை.

“எந்த ஊருங்க நீங்க?”

“தர்மபுரி.”

“ஒங்க வீட்டுக்காரரு?”

“அவரும் அந்தப் பக்கம்தான். பேங்க் டிரான்ஸ்பர்ல வந்தோம்.”

“இங்கிட்டுச் சொந்தக்காரங்க, கூடப் படிச்சவங்க, பழக்கமானவங்க?”

“யாரும் இல்லை.” அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். “என் சாதி தெரியணும்னா சுத்தி வளைக்காம கேளுங்க ஐயா. நான் சொல்ல மாட்டேன். அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தீங்கன்னா, தாராளமா கிளம்பலாம்.”

நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள் சுடர்விழி.

ஆவுடையப்பனுக்குக் கோபம் வரவில்லை. “இன்னும் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேங்க. இந்தப் புள்ள ஒங்ககிட்ட சொல்றத, பீஸ் கட்டுறது நாங்கதானேன்னு வீட்டு ஆளுக வந்து கேட்டா, சொல்லுவீங்களா?”

“உயிருக்கு ஆபத்துங்கிற நிலைமை வந்தாலொழிய, யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன். அது கட்டின புருஷனா இருந்தாலும் சரி.”

அவர் எழுந்தார்.

சுடர்விழியும் துள்ளி எழுந்தாள். “ஒக்காருங்க மாமா. இவங்க ஒங்க மூஞ்சிக்கு நேரா பேசிட்டாங்கன்னு கெளம்புறீங்களா? இதுக்கு மேலயும் அக்காவ அலைய விட மாட்டேன். நீங்க வேணும்னா போங்க, நான் கூட இருக்கேன்.”

“நீயும் வெளிய வந்துருத்தா. நாம இருந்தா அது பேசாது” என்றார் ஆவுடையப்பன்.

கதவு வரை போனவர் திரும்பி வந்து, மருமகளின் நாற்காலி அருகே குனிந்தார்.

“எம்மகன் ஒன்னயப் படுத்துன பாட்டையெல்லாம் ஒண்ணு விடாமச் சொல்லிரு தாயி. இங்கருந்து அவன் காதுக்குப் போற வழி எதுவும் இல்ல. நல்லா விசாரிச்சிட்டேன்.”