பன்னிரண்டில் ஒன்று

மிளகாயைக் காணோம்.

கறிச்சட்டியிலிருந்து அதை எடுத்துவிட்டதாகத்தான் நோவ்லெட் நினைத்திருந்தாள். இப்போது கழுவலாம் என்று கரண்டியை எடுத்தால், அதில் பச்சைக் காம்பு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உள்ளே கறி வைத்து மாவில் மடித்துச் சுட்ட, சின்னப் பிள்ளைகள் சாப்பிடும் பேட்டீஸ். காரம் கூடாது என்றுதான் ஸ்காட்ச் பானெட் மிளகாயை நறுக்காமல், வாசனைக்காக முழுசாகக் கொத்துக்கறியில் போட்டாள். வெந்ததும் உடையாமல் காம்பைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். லின்ஸ்டெட் ஊரில் எல்லா வீட்டிலும் செய்வதுதான்.

சட்டியில் ஒட்டியிருந்த கறியை வழித்து வாயில் போட்டாள். காரமே இல்லை. அப்படியென்றால் மிளகாய் உடையவில்லை. ஓவனிலிருந்து இப்போதுதான் இறக்கிய பன்னிரண்டு பேட்டீஸில் ஏதோ ஒன்றுக்குள், மஞ்சள் மாவைப் போர்த்திக்கொண்டு முழுசாக உட்கார்ந்திருக்கிறது.

“கர்த்தரே! முழு மிளகாய்! எதுக்குள்ள போச்சுன்னு தெரியலையே!”

வாய்விட்டே அலறிவிட்டாள். தகர வேலிக்கு அந்தப் பக்கம் துணி உதறும் சத்தம் சட்டென்று நின்றது.

மெர்லீன்! போச்சு, கேட்டுவிட்டாள்.

மழலைப் பள்ளிச் சமையல் வேலைக்கு மனு போட்டவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நோவ்லெட், இன்னொருத்தி மெர்லீன். இன்று நோவ்லெட்டின் சமையலை ருசி பார்க்கத் தலைமை ஆசிரியை வருகிறார். நாளை மெர்லீன் வீடு. முன்பு இருந்த சமையல்காரியை எதற்காக அனுப்பினார்கள் என்பதும் ஊருக்கே தெரியும். ஒரு குழந்தையின் வாய் காரத்தில் வெந்துபோனது.

ஒவ்வொன்றாகப் பிட்டுப் பார்க்கலாமா என்று கை போனது.

“வீட்ல யாரு?”

வாசலில் பிராம்வெல் டீச்சர். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்.

“வாங்க டீச்சர், உக்காருங்க. பேட்டீஸை நடுவுல வெச்சுத் திங்க கோகோ பிரெட் சூடு பண்ணித் தரட்டுமா?”

“பிரெட் எதுக்கும்மா? வெறும் பேட்டீஸ் தின்னாத்தான் கைப்பக்குவம் தெரியும்.”

நோவ்லெட் தட்டை வைத்தாள். டீச்சர் ஒன்றை எடுத்து முனையில் கடித்தார்.

“ம்ம். மாவு நல்லா உதிருது. தைம் இலை வாசனை தூக்குது.”

அது இல்லை. இன்னும் பதினொன்று.

“என்ன மிஸ் நோவ்லெட், வாசனை எங்க வீட்டுக் கொடிவரைக்கும் வருது. பக்கத்து வீட்டுக்காரியக் கூப்பிடணும்னு தோணலையா?”

ஈரக்கையைப் பாவாடையில் துடைத்தபடி மெர்லீன் உள்ளே நுழைந்து, டீச்சருக்கு எதிரிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நோவ்லெட் அவளையே பார்த்தாள். சொல்லிவிடப் போகிறாள். அதற்குத்தான் வந்திருக்கிறாள்.

டீச்சர் இரண்டாவதை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்.

சட்டென்று எட்டி அதைப் பிடுங்கினாள் மெர்லீன்.

“அய்ய, இது வேணாம் டீச்சர். அடி கருகிப்போச்சு. இவ எப்பவுமே இப்படித்தான், ஓவனை வெச்சுட்டு ரேடியோவுக்கு ஆடிக்கிட்டு இருப்பா.”

பிடுங்கியதை மூன்றே வாயில் அடைத்து விழுங்கினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து, விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

டீச்சரின் கை இன்னும் அந்தரத்தில் இருந்தது.

“என்ன பொம்பளை இது! கையில இருக்கறதப் பிடுங்கித் தின்னுட்டுப் போகுது. இதையா பிள்ளைங்க கிட்ட விடறது? நாளைக்கு அங்க போற வேலை எனக்கு மிச்சம்.”

நோவ்லெட்டுக்கு அவமானத்தில் காது சுட்டது. இருடி, உனக்கு இருக்கு என்று கறுவிக்கொண்டாள்.

டீச்சர் இன்னொன்றையும் ரசித்துத் தின்றார். அதிலும் இல்லை.

“வேலை உனக்குத்தான். திங்கட்கிழமை வந்துடு. மீதி ஒன்பதையும் கட்டிக் குடு, பிள்ளைங்களுக்கு இப்பவே பிட்டுக் கொடுத்துப் பாக்கறேன்.”

பிள்ளைகளுக்கா?

காகிதத்தில் பொட்டலம் கட்டினாள். வாயைத் திறந்தால் வேலை போய்விடும். திறக்காவிட்டால் ஒரு மூன்று வயதுக் குழந்தை...

டீச்சர் வாசல் கேட்டைத் தாண்டிவிட்டார். நோவ்லெட் பின்னாலேயே ஓடினாள்.

“டீச்சர், நில்லுங்க! அந்தப் பேட்டீஸ்ல ஒண்ணுல—”

“ஒண்ணும் இல்ல!” வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கட்டைக்குரல் ஒன்று குறுக்கே விழுந்தது. “தைரியமாக் கொண்டு போங்க டீச்சர்!”

“இந்தப் பொம்பளை வாய் இன்னும் ஓயலையா?” என்று முனகிக்கொண்டே டீச்சர் நடந்தார்.

நோவ்லெட் தகரத்தைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள் மெர்லீன். உதடு இரண்டும் வீங்கியிருந்தன. கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. நாக்கைத் தொங்கவிட்டுத் தண்ணீரில் பிடித்திருந்தாள்.

“டீச்சர் அதத் தூக்கினப்போ அடியில செவப்பா எட்டிப் பாத்துச்சுடி...” அதற்குமேல் பேச முடியாமல் இருமினாள். “என்னைத் திட்டறதெல்லாம் அப்புறம் திட்டிக்கோ. முதல்ல வீட்ல டின் பால் இருந்தா ஓடிப்போய் எடுத்துட்டு வா!”