முதுகு மட்டும்

மூட்டையோடு திரும்பத் திரும்பப் படியேறியதில் சுமைக்காரருக்கு இடுப்பு கழன்றுவிட்டது. பாட்டு வீடியோ படப்பிடிப்புக்குப் பாடகனே கையோடு கூட்டிவந்த ஆள் அவர்.

பாட்டு, மூட்டை தூக்கிப் பிள்ளையை வளர்த்த ஓர் அப்பாவைப் பற்றியது. வீடியோவில் அப்பாவாக வரும் நடிகர், கன்னத்தில் அழுக்கைப் பூசிக்கொண்டு மின்விசிறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மூட்டை அவருக்கு ஆகாதாம். அதனால் முதுகு மட்டும் சுமைக்காரருடையது.

“திரும்பிடாதீங்க பெரியவரே. உங்க மூஞ்சியில கஷ்டமே தெரியல,” என்றார் டைரக்டர்.

“பழகிப்போச்சு தம்பி.”

பாடகன் நடிகரைக் கட்டிக்கொண்டு “அப்பா, அப்பா” என்று வாயசைத்தான். மொத்த யூனிட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

முடிந்ததும் சுமைக்காரர் அவனிடம் போனார். “சாப்பிட வீட்டுக்கு வருவியாடா? உங்கம்மா கேட்டா.”

“மெதுவாப் பேசுங்க பெரியவரே,” என்று சுற்றிப் பார்த்தான்.

பாட்டு நெடுக உருகியவன், பெற்றவருக்கு ஒரே ஒரு ‘அப்பா’வைப் பாக்கி வைத்துவிட்டுக் காரில் ஏறினான்.